வாசிகசாலையிற் பௌதிகவியல்

முதிர்ந்த வயதிற் கல்வி என்றால், ஒன்றில் சமய நூல்களைப் படிப்பது, அன்றில் உத்தியோக உயர்வுக்காக ஒரு பரீட்சைக்குத் தோற்றுவது என்றே எமது சமூகம் விளங்கிக்கொள்கிறது. இவ்விரண்டுக்கும் புறம்பாக, ஐம்பதை அண்மித்த சிலர் ஞாயிறுதோறும் ஊர் வாசிகசாலையிற் கூடியிருந்து நவீன பௌதிகவியலின் அடிப்படைகளைக் கற்கின்றனர் என்று கேள்விப்படுவோர் எம்மிடம் முதலிற் கேட்பது, "உதாலை என்ன பிரயோசனம்?" என்பதே. கேள்வி நியாயமானது. அதற்கு ஓரளவேனும் விடையளிக்க முயல்வதே இக்கட்டுரை.

நாங்கள் ஐவர். ஒருவர் இளைப்பாறிய அஞ்சலதிபர். ஒருவர் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்பவர். ஒருவர் கூட்டுறவுச் சங்கக் கிளையொன்றின் முகாமையாளராகிய அக்கா. ஒருவர் கைப்பேசி திருத்தும் இளைஞர், எம்முள் அவரே வயதிற் குறைந்தவர். இதனை எழுதும் கை, பாடசாலையில் வரலாறும் தமிழும் கற்பிப்பவருடையது. எம்மில் எவரும் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தவரல்லர். விருப்பமின்மை அதற்குக் காரணமன்று. 1945இல் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தது; அது மாபெரும் சாதனை. ஆயினும் உயர்தர விஞ்ஞானப் பிரிவைக் கொண்ட பாடசாலைகள் இன்றும் நாட்டின் மொத்தப் பாடசாலைகளில் ஏறத்தாழப் பத்திலொன்றே. கட்டணம் இல்லை, ஆனால் ஆய்வுகூடமும் இல்லை, ஆசிரியரும் இல்லை. எங்கள் கிராமத்துப் பிள்ளை கலைப்பிரிவைத் "தெரிவு செய்தது" என்று பதிவேட்டில் எழுதப்படும். வேறெதைத் தெரிவு செய்திருக்க முடியும் என்று பதிவேடு கேட்பதில்லை.

கற்கத் தொடங்கியதும் எதிர்ப்பட்ட முதற் சங்கடம் கணிதமன்று, தமிழ். கையிற் கிடைத்த நூல்களுட் சில தமிழகத்தில் அச்சானவை; சில இலங்கைப் பாடநூல்கள். தமிழகத்து நூலில் ‘நிறை’ என்பது ஒரு பொருள் தன்னுட் கொண்டிருக்கும் பொருண்மையின் அளவு; அதனைப் பூமி இழுக்கும் விசை ‘எடை’. இலங்கை நூலிலோ முதலாவது ‘திணிவு’, இரண்டாவதே ‘நிறை’. ஒரே சொல், பாக்குநீரிணையின் இக்கரையில் ஒரு பொருளும் அக்கரையில் வேறொரு பொருளுமாய் நிற்கிறது. அவ்வாறே அங்கு ‘முடுக்கம்’, இங்கு ‘ஆர்முடுகல்’. அங்கு ‘ஆற்றல்’, இங்கு ‘சக்தி’. அங்கு ‘திறன்’, இங்கு ‘வலு’. எங்கள் அஞ்சலதிபர் ஓர் அப்பியாசக் கொப்பியில் இரண்டு நிரல்களாக இச்சொற்களை எழுதத் தொடங்கினார். இன்று அதில் நானூறுக்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. சுயமொழிக் கல்வி வந்த காலத்தில் அரசகருமமொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளைத் தொகுத்தவர்கள் எத்துணை உழைத்திருப்பர் என்பதை அந்தக் கொப்பியே எமக்கு உணர்த்திற்று. அதற்கும் நூறாண்டு முன்னர், 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். தமிழில் விஞ்ஞானம் கூடுமா என்று இன்னும் மேடையிற் கேட்பவர்கள் மானிப்பாய்க்கு ஒருமுறை போய்வருவது நன்று.

சொல் பொருளைத் தந்துவிடாது என்பதும் உண்மைதான். ‘சடத்துவம்’ என்ற சொல்லை மனனஞ் செய்து, ஓய்விலுள்ள பொருள் ஓய்வில் இருக்கும் என்று எழுதிப் புள்ளி வாங்கலாம். ஆனால் சீராக இயங்கும் பொருள் தொடர்ந்து இயங்குவதற்கு எந்த விசையும் வேண்டியதில்லை என்பதை உண்மையில் நம்புவதற்கு எமக்கு மூன்று ஞாயிறுகள் சென்றன. தள்ளாவிட்டால் வண்டில் நிற்கிறது. மிதியாவிட்டால் சைக்கிள் நிற்கிறது. வாழ்நாள் முழுதும் உழைத்த உடம்பு அரிஸ்ரோட்டிலின் கட்சியிலேயே நிற்கிறது. இதிற் கடைசல்காரரே எமக்கு ஆசிரியரானார். மின்னை நிறுத்திய பின்னும் இயந்திரத்தின் கனத்த சில்லு நெடுநேரம் சுழல்வதையும், கொழுப்பிட்ட அச்சு எனின் இன்னும் கூடச் சுழல்வதையும் காட்டி, "நிப்பாட்டுறதுதான் விசை, ஓட்டுறதில்லை" என்றார். கலிலியோ சாய்தளங்களில் உருண்டைகளை உருட்டிக் கண்டதும் இதுவே.

நுண்கணிதத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது உழைப்பு, அவ்வளவே. வகையீடு என்பது மாறும் வீதம் என்பதை மோட்டார்ச் சைக்கிளின் வேகமானியை வைத்துக்கொண்டு ஒரு மாலையில் விளங்கிக்கொண்டோம். பின்னர் ஆறு மாதங்கள் கணக்குச் செய்தோம். வளர்ந்தோர் மூளை கணிதத்துக்கு உதவாது என்பது சோம்பலுக்குச் சாட்சி சொல்ல வந்த கூற்று. குழந்தைக்கு நினைவாற்றல் உண்டு; எமக்குப் பொறுமை உண்டு. உண்மையான இடர் வேறு: பகல் முழுதும் வேலை செய்த உடல் இரவு எட்டு மணிக்கு மேசைக்கு வந்து அமர்வதில்லை. கூட்டுறவுக் கடை அக்கா சமையல் முடித்துப் பாத்திரம் கழுவி வரும்போது ஒன்பதாகிவிடும். அவருடைய கொப்பிதான் எங்கள் எல்லோருடையதிலும் சுத்தமானது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறோம்.

வாசிகசாலை முற்றத்து மாமரத்தில் ஒரு மீற்றர் நூலில் இரும்புச் சுரையைத் தொங்கவிட்டு, இருபது அலைவுக்கு எடுக்கும் நேரத்தை அளந்தோம். நாற்பது செக்கன், அரைச் செக்கன் அங்குமிங்குமாக. சூத்திரத்தில் இட்டால் புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.8ஐ அண்டி வருகிறது. நூலிற் கண்ட எண்ணை மாமரம் திருப்பிச் சொன்னபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை இளம் மாணவர்கள் ஒருவேளை சிறுபிள்ளைத்தனம் என்பர். ஒருவரும் எமக்கு அதைச் சொல்லித் தரவில்லை, நாங்களே அளந்தோம் என்பதில் அடங்கியுள்ள சுயமரியாதை அவர்களுக்குப் பின்னொருகாலம் விளங்கும்.

மின்காந்தவியலுக்கு வந்தபோது எங்கள் தலைமுறையின் அனுபவம் ஒன்று துணைக்கு வந்தது. 1990களில் வடக்கிற் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் பற்றரி கிடையாது, மின்சாரம் கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலி கேட்டோம். செய்தி முடியும்வரை ஒருவர் மாறி ஒருவர் சுழற்றுவோம். வேகம் குறைந்தால் செய்தியாளரின் குரலும் தேயும். காந்தம் அசைந்தாற் கம்பிச்சுருளில் மின்னோட்டம் பிறக்கும் என்று 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்ததைத்தான் நாங்கள் அந்த இருட்டிற் செய்துகொண்டிருந்தோம். பெயர் தெரியாது, அவ்வளவே. பரடே கொல்லர் ஒருவரின் மகன். புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே விஞ்ஞானம் அறிந்தவர். 1812இல் ஹம்பிரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அக்குறிப்புகளைத் தாமே கட்டி அவருக்கு அனுப்பி, அடுத்த ஆண்டில் அவரின் உதவியாளராகச் சேர்ந்தார். உயர்கணிதம் அறியாத அவர் உருவகித்த விசைக்கோடுகளையே பின்னர் மாக்சுவெல் சமன்பாடுகளாக்கினார். உடலுழைப்புக்கும் சிந்தனைக்கும் இடையே நம் சமூகம் எழுப்பியுள்ள சாதிச் சுவரைப் பரடேயின் வாழ்வு எள்ளி நகையாடுகிறது.

நவீன பௌதிகவியல் என்று வழங்கப்படுவது கொல்லன் உலையிலிருந்தே தொடங்குகிறது என்றால் வியப்பாக இருக்கலாம். இரும்பைக் காய்ச்சும்போது முதலில் மங்கிய சிவப்பு, பின்னர் செம்மஞ்சள், பின்னர் மஞ்சள், ஈற்றில் வெண்மை. வெப்பநிலை ஏற நிறம் மாறுகிறது; இரும்பாயினும் ஓடாயினும் அவ்வரிசை மாறுவதில்லை. ஏன்? பழைய கொள்கையை அதன் முடிவுவரை கொண்டுசென்றால், அலைநீளம் குறையக் குறையக் கதிர்ப்புச் சக்தி கூடிக்கொண்டே போகவேண்டும். அடுப்பூதும் எந்தப் பெண்ணும் ஊதாக் கடந்த கதிர்களால் எரிந்து போயிருக்கவேண்டும். மொத்தச் சக்தியோ முடிவிலியாகவேண்டும். உலகம் அவ்வாறில்லை என்பது அடுப்படிக்குத் தெரியும், கொள்கைக்குத் தெரியவில்லை.

இவ்விடத்தில் ஒரு சமூகச் செய்தியும் உண்டு. இக்கதிர்ப்பை அந்நாளில் மிக நுட்பமாக அளந்தது பேர்லினில் 1887இல் நிறுவப்பட்ட அரச அளவீட்டு நிலையம். வாயு விளக்கும் மின்விளக்கும் போட்டியிட்ட காலம் அது. எந்த விளக்கு எவ்வளவு ஒளி தருகிறது என்பதற்கு நம்பத்தக்க நியமம் கைத்தொழிலுக்கு வேண்டியிருந்தது. அந்த அளவீடுகளுக்குப் பொருந்தும் சூத்திரத்தைத் தேடியே மக்ஸ் பிளாங்க், 1900 டிசம்பர் 14ஆந் திகதி, சக்தி தொடர்ச்சியாகவன்றிச் சொட்டுச் சொட்டாகவே பரிமாறப்படுகிறது என்ற கருதுகோளை முன்வைத்தார். பழமையில் ஊறிய அவர், வேறு வழியின்றியே அம்முடிவுக்கு வந்ததாகப் பின்னாளிற் குறிப்பிட்டார். நீராவி இயந்திரத்திலிருந்து வெப்பவியல் பிறந்ததுபோல் விளக்குத் தொழிலின் தேவைகளோடு பிணைந்து சொட்டுக் கொள்கை பிறந்தது. ஆயின் தேவை வினாவைத்தான் தரும், விடையைத் தராது. விளக்குக் கம்பனிகள் கேட்டது ஒரு நியமம். கிடைத்தது, கேட்டவர் எவரும் எதிர்பாராத ஒரு புரட்சி. பொருளாதார அடித்தளத்திலிருந்து எல்லாவற்றையும் நேர்கோட்டில் வருவித்துவிடும் எம் தோழர்கள் சிலர் இந்த இடத்திற் சற்றே நிதானிக்க வேண்டும்.

அந்தச் சொட்டின் அளவென்ன? பிளாங்கின் மாறிலி, 6.626ஐப் பத்தின் 34ஆம் அடுக்கால் வகுத்துப் பெறும் எண், யூல்-செக்கன் அலகில். இவ்வளவு சிறிய எண் எதையும் உணர்த்தாது. ஆகவே கணக்குச் செய்தோம்: ஒரு யூல் பச்சை ஒளியில் ஏறத்தாழ இருபத்தெண்ணாயிரம் கோடி கோடி சொட்டுகள். மணலைத் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குக் கடற்கரை வழுவழுப்பாகத் தெரிவதுபோலவே ஒளி எமக்குத் தொடர்ச்சியாகத் தெரிகிறது.

இம்மாறிலியை நாங்களே அளக்கலாம் என்று சொன்னவர் கைப்பேசி திருத்தும் தம்பி. அவரது மேசை இழுப்பறையிலிருந்து சிவப்பும் நீலமுமாக ஒளிகாலும் இருவாயிகள், அதாவது எல்லோரும் எல்.ஈ.டி. என்னும் சிறு விளக்குகள், ஒரு மாறுந்தடை, ஒரு மல்ரிமீற்றர், சில பற்றரிகள். யன்னல்களை அடைத்துவிட்டுக் கறுப்புத் தாளைக் குழலாகச் சுருட்டி, அதனூடாக விளக்கைப் பார்த்துக்கொண்டே வோல்ற்றளவைச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். 630 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு 1.75 வோல்ற்றில் உயிர்பெற்றது. 470 நனோமீற்றர் நீலம் 2.45 வரை காத்திருந்தது. நீலத்துக்கு ஏன் கூட வேண்டும்? சொட்டொன்றின் சக்தி மீடிறனுக்கு விகிதசமமாக இருப்பதால். இரண்டு அளவீடுகளின் வித்தியாசத்தை மீடிறன் வித்தியாசத்தால் வகுத்து, இலத்திரனின் ஏற்றத்தால் பெருக்கினோம். 6.626க்குப் பதிலாக 6.9 கிடைத்தது. இம்முறை நுட்பமானதன்று, ஒளி தோன்றும் கணத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில் வழு உண்டு, இருவாயியின் உள்ளமைப்பும் விளக்குக்கு விளக்கு வேறுபடும். எனினும் பிரபஞ்சத்தின் அடிப்படை எண்களுள் ஒன்றை, சில நூறு ரூபாய்ச் சாமானைக் கொண்டு, ஐந்து வீதத்துக்குள் வாசிகசாலை மேசையில் கண்டோம். அன்று இரவு எவரும் வீடு செல்ல விரையவில்லை.

ஒளியே சொட்டுகளாகச் செல்கிறது என்று 1905இல் வாதிட்டவர், பேர்ண் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாந்தரத் தொழினுட்ப அலுவலராக இருந்த இருபத்தாறு வயது ஐன்ஸ்ரைன். உலோகத்தின் மீது ஒளி படும்போது வெளிப்படும் இலத்திரன்களின் சக்தி, ஒளியின் செறிவிலன்றி நிறத்திலேயே தங்கியுள்ளது என்ற பரிசோதனை முடிவை 1902இல் வெளியிட்டவர் பிலிப் லெனாட். அதே லெனாட் பின்னர் நாசிக் கட்சியின் பக்கம் நின்று, ஐன்ஸ்ரைனின் கொள்கைகளை ‘யூதப் பௌதிகவியல்’ என்று தூற்றி, ‘ஜெர்மன் பௌதிகவியல்’ என்ற பெயரில் நூல் எழுதினார். தாம் கண்ட உண்மைக்குச் சரியான விளக்கம் தந்தவரை இனத்தின் பெயரால் நிராகரித்த விஞ்ஞானி அவர். மறுபுறம் அமெரிக்கரான மிலிக்கன், ஐன்ஸ்ரைனின் கருத்தைத் தவறென்று கருதியே பல ஆண்டுகள் பரிசோதனை செய்தார். 1916இல் வெளியிட்ட அவருடைய அளவீடுகளோ ஐன்ஸ்ரைனின் சமன்பாட்டை அப்படியே உறுதிப்படுத்தின. கருத்தை அப்போதும் அவர் ஏற்கவில்லை, அளவீடுகளை மறைக்கவுமில்லை. இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவேண்டும் என்று ஆசிரிய நண்பர்களை வேண்டுகிறோம்.

ஜெர்மனியைச் சுட்டிவிட்டு எம் பக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. 1940களின் இறுதியிலும் அடுத்த பத்தாண்டின் தொடக்கத்திலும் சோவியத் நாட்டிற் சில தத்துவ ஆசிரியர்கள் சார்புக் கொள்கையைக் கருத்துமுதல்வாதம் என்று கண்டித்தனர். கணக்குத் தெரியாமற் கண்டித்தனர். அந்நாட்டுப் பௌதிகவியலாளர் விளாதிமிர் ஃபொக் 1953இல் அவர்களை வெளிப்படையாக மறுத்து எழுதினார். 1909இல் லெனின் பௌதிகவியலின் நெருக்கடி பற்றி எழுதியபோது, சடம் மறைந்துவிட்டது என்றோரை மறுத்து, மறைந்தது சடம் பற்றிய எமது பழைய அறிவின் எல்லையே என்று வாதித்தார். அவர் பெயரைச் சொல்லியே புதிய அறிவுக்கு எல்லை கட்ட முயன்றது வரலாற்றின் கசப்பான வேடிக்கை.

சார்புக் கொள்கை பற்றி எம்மிடையே உலாவும் பேச்சும் பெரிதும் இத்தகையதே. "எல்லாமே சார்பானது என்று ஐன்ஸ்ரைனே சொல்லிவிட்டார், ஆகவே உண்மை என்று ஒன்றில்லை" என்று இலக்கியக் கூட்டத்திற் கேட்டிருக்கிறோம், "ஆகவே எல்லாம் மாயை" என்று கோயிற் பிரசங்கத்திலும் கேட்டிருக்கிறோம். கற்றுப் பார்த்தால் நிலைமை எதிரிடையானது. சீராக இயங்கும் எவர் அளந்தாலும் வெற்றிடத்தில் ஒளியின் வேகம் ஒன்றே. இயற்கையின் விதிகளும் அனைவருக்கும் ஒன்றே. இவ்விரண்டும் மாறாதிருக்கவேண்டுமென்பதாலேயே நேரமும் நீளமும் அளப்பவரைப் பொறுத்து மாறுகின்றன. மாறாததைக் காப்பாற்றும் கொள்கைக்கு மாறுதலின் பெயர் வாய்த்துவிட்டது.

அதுவும் வெறுங் கற்பனையன்று. வானிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் காற்றில் மோதும்போது, ஏறத்தாழப் 15 கிலோமீற்றர் உயரத்தில் மியூவன் எனும் துணிக்கைகள் பிறக்கின்றன. அவற்றின் சராசரி ஆயுள் 2.2 மைக்கிரோசெக்கன். ஒளிவேகத்திற் சென்றாலும் அந்நேரத்துக்குள் 660 மீற்றரே கடக்கலாம். பழைய கணக்கின்படி ஆயிரம் கோடியில் ஒன்றோ இரண்டோதான் தரையை எட்டும். ஆனால் விரித்த உள்ளங்கையினூடாகச் செக்கனுக்கு ஒன்று என்ற அளவில் அவை எந்நேரமும் சென்றுகொண்டிருக்கின்றன. விரைந்து செல்லும் மியூவனின் கடிகாரம் எமது கணக்கில் மெதுவாக ஓடுவதே காரணம். 1941இல் ரொசியும் ஹோலும் மலையுச்சியிலும் கீழேயும் எண்ணிப் பார்த்து இதை உறுதிசெய்தனர். தம்பியின் கடைக்கு வரும் ஒவ்வொரு கைப்பேசியும் இடங்காண உதவும் செய்மதிகளின் கடிகாரங்கள், இயக்கமும் ஈர்ப்பும் சேர்ந்து, நாளொன்றுக்கு 38 மைக்கிரோசெக்கன் முந்துகின்றன. அதைத் திருத்தாவிட்டால் வழு நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் பெருகும். மாயை என்பவர்களும் வழிகேட்க அதைத்தான் திறக்கிறார்கள்.

எங்கள் கல்விக்கு உண்மையில் வித்திட்டது ஹிரோசிமா பற்றிய ஒரு வரலாற்றுப் பாடம். "சேர், ஒரு கிராமும் இல்லாத பொருளாலையோ அவ்வளவு சனம் செத்தது?" என்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். விஞ்ஞான ஆசிரியரைக் கேள் என்று அனுப்ப அப்பாடசாலையில் அவ்வாண்டு விஞ்ஞான ஆசிரியர் இல்லை. அக்கணக்கை இப்போது செய்யலாம்: 15 ஆயிரம் தொன் வெடிமருந்துக்கு ஒப்பான சக்தியை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஏறத்தாழ 0.7 கிராம். 1945 ஓகஸ்ட் 6இல் குண்டினுள் இருந்த 64 கிலோகிராம் யுரேனியத்தில் பிளவுற்றது ஒரு கிலோகிராமிலும் குறைவு. சக்தியாக வெளிப்பட்ட திணிவு ஒரு சிட்டிகை உப்பளவு. அவ்வாண்டு முடிவதற்குள் இறந்தோர் ஏறத்தாழ ஒரு இலட்சத்து நாற்பதினாயிரம் பேர். கணக்கை முடித்தபின் அக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இதைக் கண்டுபிடிச்ச ஆக்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். யுரேனிய அணுக்கருவின் பிளவை 1938இன் இறுதியில் ஃபிறிஷுடன் சேர்ந்து விளக்கியவர் லீசா மைற்னர். அதே ஆண்டு நாசிகளுக்குத் தப்பி பேர்லினிலிருந்து வெளியேறியவர். குண்டு செய்யும் வேலைக்கு அழைக்கப்பட்டபோது அவர் மறுத்தார். 1944க்குரிய நோபல் பரிசு ஒட்டோ ஹானுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. அந்த மாணவிக்கு இவற்றையெல்லாம் சொல்ல எமக்கு இரண்டரை ஆண்டுகள் எடுத்தன; அதற்குள் அவள் பாடசாலையை விட்டுத் தையற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். விடுமுறையில் வந்தபோது கொப்பியைக் காட்டினோம். ஒளிவேகத்தை ஏன் வர்க்கிக்க வேண்டும் என்று கேட்டாள்.

உபகண்டத்தில் இவ்வழியிற் சென்றோர் இல்லாமலில்லை. சி. வி. இராமன் 1907 முதல் பத்தாண்டுகள் நிதித்துறை உத்தியோகத்தர். காலையும் மாலையும் உத்தியோக நேரத்துக்குப் புறம்பே ஆய்வு செய்தார். டாக்காவில் மாணவருக்குப் பிளாங்கின் சூத்திரத்தைக் கற்பித்துவந்த சத்தியேந்திரநாத் போஸ், அதன் வழமையான நிறுவலில் நிறைவுறாமற் புதிய நிறுவலொன்றை ஆக்கி 1924இல் ஐன்ஸ்ரைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்ரைன் அதைத் தாமே ஜெர்மன் மொழியிற் பெயர்த்து வெளியிடச் செய்தார். அதே போஸ் 1948இல் வங்காள மொழியில் விஞ்ஞானம் பரப்புவதற்கென ஒரு கழகத்தை நிறுவினார். வகுப்பறையில் ஒரு நிறுவல் தமக்கே திருப்தி தராதபோது அதைக் கடந்து செல்லாத ஆசிரியர் அவர்.

இப்போது நாங்கள் நிற்கும் இடம் கடினமானது. இரண்டு துவாரங்களை நோக்கி இலத்திரன்களை ஒவ்வொன்றாக அனுப்பினாலும், திரையில் ஈற்றில் அலைகளுக்குரிய கோலமே உருவாகிறது. எத்துவாரத்தால் ஒவ்வொன்றும் சென்றதென்று கண்டறியும் ஏற்பாட்டைச் செய்தால் அக்கோலம் அழிந்துவிடுகிறது. இதன் பொருள் யாது என்பதில் ஐன்ஸ்ரைனும் போரும் ஆயுள்வரை உடன்படவில்லை. 1964இல் ஜோன் பெல் அவ்விவாதத்தைப் பரிசோதனைக்குரியதாக்கினார். தொடர்ந்த பரிசோதனைகளுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. விளக்கத்தைப் பற்றிய சர்ச்சை தீரவில்லை. அஞ்சலதிபர் ஐன்ஸ்ரைன் கட்சி. தம்பி, கணக்குச் சரியாக வந்தாற் போதும் என்ற கட்சி. வாதத்தை ஒத்திவைத்துவிட்டு, சுரோடிங்கரின் சமன்பாட்டுக்கு வேண்டிய சிக்கலெண்களை வரும் ஞாயிறு தொடங்குகிறோம். வாசிகசாலைக் கரும்பலகை வெடித்துவிட்டது. கடைசல்காரர் ஒட்டுப்பலகையில் ஒன்று செய்து, கறுப்பு மை பூசிக் காயவைத்திருக்கிறார்.